மெழுகுத் தொட்டியில் ஹீட்டர் மாட்டிய நாள்

என் வீட்டுக்காரரும் நானும் ஒரே தொழில்தான் பார்க்கிறோம். கோவில்பட்டியில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. கடலை வறுக்கிற டிரம், மில்லில் நூலுக்கு ஆவி கொடுக்கிற பெட்டி, ஓட்டல் சமையலறையில் தண்ணீர் கொதிக்கிற தொட்டி என்று கரண்டில் சூடாகிற எதுவானாலும் போய் மாட்டிக் கொடுப்போம். டிப்ளமோ படித்து லைசென்ஸ் எடுத்தவள் நான். வெல்டிங்கும் ஸ்பேனர் வேலையும் அவருடையது. வேலை நடக்கிற இடத்தில் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. கரண்டைப் போடுவதும் நிறுத்துவதும் என் பொறுப்பு. நான் சரி என்று சொல்லாமல் அவர் எதிலும் கை வைக்கமாட்டார். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர்கள் அவரைக் கேலி செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அந்த ஐப்பசியில் புதூர் போகிற வழியில் உள்ள ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை வந்தது. ஆபீஸ் என்றால் நாற்காலி மேஜை போட்ட இடம் அல்ல. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கே அதுதான் பேர். குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கி, நுனியை முதலில் உருகிய மெழுகில் முக்கி, அப்புறம் மருந்தில் முக்கிக் காயவைப்பார்கள். மெழுகு பிடித்தால்தான் மருந்தில் பற்றிய தீ குச்சிக்கு இறங்கும். அங்கே அதுவரைக்கும் விறகு அடுப்பின் மேல்தான் மெழுகுத் தொட்டி இருந்தது. அடுப்பு எரியும் அறைக்கு அடுத்த அறையில் மருந்து. முதலாளி அண்ணாச்சிக்கு அந்த அடுப்பின் மேல் ரொம்ப நாளாகப் பயம்.

"ராத்திரி படுத்தா அந்த அடுப்புதாம்மா கண்ணுக்குள்ள நிக்கிது. பொம்பளப் பிள்ளைகள வச்சு வேல வாங்குதேன். தீய வெளிய அனுப்பிரணும்" என்று கடைக்கே வந்து சொன்னார்.

தொட்டியை நாங்களே செய்தோம். அதில் மாட்ட மூன்று ஹீட்டர் காயில் வெளியூரிலிருந்து வாங்கினோம். கொண்டை ஊசி மாதிரி வளைந்த இரும்புக் குழாய். உள்ளே சுருள்கம்பி, கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே கரண்டைத் தடுக்கிற வெள்ளைப் பொடி. அந்தப் பொடிக்கு ஒரு கெட்ட குணம், காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிவிட்டால் கரண்டு பொடி வழியாகக் குழாய்க்கு வந்து, குழாயிலிருந்து தொட்டிக்கு வந்து, தொட்டியைத் தொடுகிறவருக்கு வரும்.

அதனால் மாட்டுவதற்கு முன்னால், கரண்டு கசியுமா என்று காட்டுகிற மெகர் மீட்டரை வைத்துப் பார்ப்பேன். கசிவு இல்லாவிட்டால் முள் மேலே ஏறும். அன்றைக்குக் காலையில் ஆபீஸில் வைத்துப் பார்த்தபோது இரண்டு காயில் நன்றாகக் காட்டின. மூன்றாவதில் முள் எழவே மாட்டேன் என்றது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்படியேதான்.

"இத மாட்ட முடியாது" என்றேன்.

கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்றார். அங்கே எல்லாம் அவர்தான். ஆள் கணக்கு, சரக்குக் கணக்கு, லாரி வருவது போவது எல்லாம் அவர் தலையில். முதலாளி டவுனுக்குப் போயிருந்தார்.

"புதுசுதானம்மா? பிளாஸ்டிக் பையக்கூட இப்பத்தான் கிழிச்சிய."

"புதுசுதான். குடோன்ல மழைக்காத்துல கெடந்திருக்கும் போல. சூடு காட்டிக் காயவச்சா சரியாயிரும்."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"மத்தியானம் ஆயிரும்."

அவர் முகம் சுருங்கியது. அன்றைக்கு மெழுகு அறை இருக்கிற பின்கட்டுக்குக் கரண்டு கிடையாது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். ஹீட்டருக்குப் போகிற புது ஒயரும், சட்டங்களைக் காயவைக்கிற அறையின் ஃபேன்களும் ஒரே லைனில்தான் வந்தன. காலையில் முடித்துவிடுவோம் என்று நினைத்துத்தான் அவர் சம்மதித்திருந்தார். மருந்து முக்கின சட்டங்களை வெயிலை நம்பி முற்றத்தில் பரப்பியிருந்தார்கள்.

எங்களுக்குத் தெரிந்த கடலைமிட்டாய் கம்பெனி ஒன்றில் வறுவல் அடுப்பு நாங்கள் மாட்டியதுதான். வறுத்து முடித்த அடுப்பின் மிச்சச் சூடு காயிலைக் காயவைக்கப் போதும். என் வீட்டுக்காரர் காயிலைச் சாக்கில் சுற்றி பைக்கில் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனார். கணக்கப்பிள்ளை வாசலில் நின்று அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த விவரம் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

நான் முன்கட்டில் இருந்த மெயின் பெட்டிக்குப் போனேன். பின்கட்டுக்குப் போகிற பிரேக்கரை இறக்கினேன். அது புது மாதிரி; பழைய பெட்டி மாதிரி ஃபியூஸை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வழியில்லை. கைப்பிடியில் இருக்கிற ஓட்டையில் பூட்டு மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, 'ஆள் வேலை செய்கிறார்' என்று எழுதின அட்டையைத் தொங்கவிட்டேன். பின்கட்டுக்கு வந்து டெஸ்டர் வைத்துக் கரண்டு இல்லை என்று பார்த்தேன். தொட்டிக்கு வருகிற ஒயரின் முனைகளைச் சீவி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து எர்த் கம்பியோடு முறுக்கித் தொட்டியின் போல்ட்டில் கட்டினேன். யாராவது தெரியாமல் கரண்டைப் போட்டாலும் அது ஆள்மேல் பாயாமல் நேரே மண்ணுக்குப் போகும், பிரேக்கரும் விழுந்துவிடும். பூட்டு இருக்கும்போது இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. அதுவரைக்கும் அது ஒரு தடவைகூடத் தேவைப்பட்டதில்லை.

செல்போனை உள்ளே கொண்டுபோகக்கூடாது என்பது அங்கே சட்டம். வாசலில் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும். நானும் அங்கே போட்டிருந்தேன்.

வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது உச்சி தாண்டியிருந்தது. முந்தின நாள் மழையில் ஊறிய கரிசல் முன்பாதை அதற்குள் லாரி ஏறிப் பிசினாகக் குழைந்து கிடந்ததால் பைக்கைப் பின்பக்க ஓடைமேட்டிலேயே நிறுத்தி, செல்போனையும் அதிலேயே வைத்துவிட்டுப் பின்கதவு வழியாக வந்தார். காயில் முழுக்கக் கடலை வாசனை. மெகர் வைத்தேன். முள் சரசரவென்று ஏறி நின்றது.

"இப்ப மாட்டலாமா?"

"மாட்டுங்க."

மெழுகு அறையில் வேலை பார்க்கிற அக்கா ஒருத்தி, எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பத்து வருஷத்துக்கு மேலாகப் புகையில் நின்றதில் அவள் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். தரையில் சிந்திக் கிடந்த மெழுகுத் துணுக்குகளையும் குச்சிகளையும் கூட்டி ஒதுக்கிக்கொண்டே, "இது கரண்டுல எப்படிம்மா உருகும்? நம்மள இழுக்காதா?" என்று கேட்டாள்.

"ஒழுங்கா மாட்டினா இழுக்காது."

"ஒழுங்கா மாட்டுங்க தாயி" என்றாள்.

மூன்று காயிலையும் தொட்டிப் பக்கச்சுவரில் செருகி நட்டு முறுக்கினார். அடுத்து காயில் முனைகளை ஒன்றோடொன்று பித்தளைப் பட்டையால் இணைக்கிற வேலை. இதில் ஒரு நட்டு தளர்ந்திருந்தாலும் அந்த இடம் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். ரொம்ப இறுக்கிவிட்டால் முனையைத் தாங்குகிற பீங்கான் விரிசல் விட்டுவிடும். நிதானமான கை வேண்டும். அவர் பலகைமேல் நின்று, அந்த முனைகள் இருக்கிற டெர்மினல் பெட்டிக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்திருந்தார். நான் டார்ச் பிடித்திருந்தேன். வெளியே வெளிச்சம் திடீரென்று குறைந்துகொண்டு வந்தது. விளாத்திகுளம் திசையிலிருந்து மேகம் ஏறியிருக்க வேண்டும். முற்றத்தில் பெண்கள் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. "ஏட்டி, உள்ள கொண்டு போங்கட்டி! நனைஞ்சா அம்புட்டும் போச்சு!" என்று கணக்கப்பிள்ளை கத்திக்கொண்டிருந்தார்.

இடி இடித்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு சத்தம். கிர்ர், கிர்ர் என்று நிறுத்தி நிறுத்தி வந்தது. தகரக் கூரைமேல் எதையோ இழுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பழகிய சத்தமாகவும் இருந்தது. டார்ச்சைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டே நின்றேன். சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் புரிந்தது. அது ஆக்சா பிளேடு, இரும்பை அறுக்கிற சத்தம். முன்கட்டிலிருந்து வருகிறது. முன்கட்டில் அறுப்பதற்கு என்ன இருக்கிறது?

"கைய எடுங்க!"

அவர் கையை எடுக்கவில்லை. என்ன சொன்னேன் என்று கேட்பதற்காகத் தலையை மட்டும் திருப்பினார்.

"கைய எடுங்கங்கேன்!"

சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதே நொடியில் தொட்டிப் பக்கம் படார் என்று வெடித்தது. நீலமும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம். நானும் அவரும் சேர்ந்து பின்னால் விழுந்தோம். ஸ்பேனர் எங்கேயோ போய் மோதியது. காதுக்குள் கொய்ங் என்றது. அதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் கட்டியிருந்த முறுக்கில் ஓர் இழை வெளியே துருத்திக்கொண்டு நின்றிருக்கிறது. அது உருகித் தெறித்திருக்கிறது. ஒரு பொட்டு அவர் புறங்கையில். இன்னொன்று, அக்கா ஒதுக்கிவைத்த மெழுகுக் குப்பையில். அங்கிருந்து ஒரு சிறு மஞ்சள் நாக்கு எழுவதைத் தரையில் கிடந்தபடியே பார்த்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது, கால் வரவில்லை. அடுத்த அறையில் மருந்து இருக்கிறது என்பது மட்டும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா கத்தவில்லை. ஓடவும் இல்லை. அடுப்படியில் எப்போதும் நனைத்துப் போட்டு வைத்திருக்கிற சாக்கை எடுத்து அந்தக் குப்பைமேல் விரித்து, மேலே ஏறி நின்றுகொண்டாள். நின்றபடியே எங்களைப் பார்த்து, "உசிரு இருக்கா? ரெண்டு பேரும் பேசுங்க, பேசுங்க" என்றாள்.

"இருக்கு" என்றார் அவர்.

அந்த ஒரு சொல் போதும். எனக்குக் கால் வந்துவிட்டது. மழையில் முற்றத்தைக் கடந்து ஓடினேன். மெயின் பெட்டிக்கு முன்னால் கணக்கப்பிள்ளை நின்றார். ஒரு கையில் பிளேடு. காலடியில் அறுந்த பூட்டு. பிரேக்கர் தானாகவே விழுந்திருந்தது. அவர் அதை இன்னொரு தடவை போடுவதற்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கையை நான் தட்டிவிட்டேன். அப்பா வயதுக்காரர். இருந்தாலும் தட்டிவிட்டேன்.

"உள்ள ஆளு இருக்கு!"

"யாரு? அவியதான் பைக்குல போயிட்டாவளே."

"வந்துட்டாவ! பின்கதவு வழியா வந்துட்டாவ! இந்த அட்டய வாசிக்கலியா நீங்க?"

"வாசிச்சேன். காயில் காயவைக்கத்தான போயிருக்காவ, நீ மட்டும் சும்மா உக்காந்திருப்பன்னு நெனச்சேன். அவியளுக்குப் போன் போட்டேன், எடுக்கல. ஒன்கிட்டச் சாவி கேட்டாத் தரமாட்ட. ஃபேன் போடலேன்னா அம்புட்டுச் சட்டமும் நமுத்துப் போவும்…" பேசிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அவர் உதடு கோணிக்கொண்டு போனது. "அவியளுக்கு என்னம்மா ஆச்சு?"

பெட்டியைச் சாத்தி, இரண்டு பெண்களைக் கூப்பிட்டு அதற்கு முன்னால் நிற்கவைத்துவிட்டு மெழுகு அறைக்குத் திரும்பினேன்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புறங்கையில் மிளகளவுக்கு ஒரு கொப்புளம், அவ்வளவுதான். ஆனால் விரல்கள் ஐந்தும் தனித்தனியாக நடுங்கின. அக்கா அந்தக் கையைத் தன் முந்தானையில் பொதிந்து பிடித்துக்கொண்டிருந்தாள். வேறொரு நாளாயிருந்தால் அவருக்குக் கூச்சமாயிருந்திருக்கும். அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டார்.

அண்ணாச்சி டவுனிலிருந்து வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டு ஆடிப்போனார். கணக்கப்பிள்ளையைத் திட்ட வாயெடுத்தவர், அந்த ஆள் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விட்டுவிட்டார். "போதும்மா. இன்னைக்கு விட்டுருங்க. வீட்டுக்குப் போங்க" என்றார்.

நானும் அதைத்தான் நினைத்தேன். சாமான்களைப் பைக்குள் போடத் தொடங்கினேன்.

"வைட்டி அத" என்றார் என் வீட்டுக்காரர்.

"எந்திரிங்க, போவோம்."

"இன்னைக்கு விட்டுட்டுப் போனா நாளைக்கு என் கை அதுக்குள்ள போவாது. எனக்குத் தெரியும். முடிச்சிட்டுப் போவோம்."

"ஒங்க கையப் பாத்தியளா? ஸ்பேனரு நிக்குமா அதுல?"

அவர் கையைப் பார்த்தார். அப்புறம், "நீ செய். நான் போயி பெட்டிகிட்ட நிக்கேன்" என்றார்.

எங்கள் பத்து வருஷ ஏற்பாடு அங்கே தலைகீழானது. அவர் முன்கட்டுக்குப் போய் மெயின் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றார். நான் பலகைமேல் ஏறினேன். கரிந்த முறுக்கை வெட்டியெறிந்து, புதிதாகச் சீவி, இழை ஒன்றுகூட வெளியே நிற்காமல் பழையபடி எர்த்தோடு கட்டினேன். பெட்டிக்குள் கை விட்டேன். அதுவரைக்கும் ஆயிரம் பெட்டிக்குள் கை விட்டிருப்பேன். அன்றைக்குத்தான் அந்தப் பித்தளைத் துண்டுகள் ஒவ்வொன்றும் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. எங்கே ஒரு தகரம் அசைந்தாலும் கை தானாக வெளியே வந்துவிட்டது. "ஏங்க!" என்று கூப்பிடுவேன். முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து "நிக்கேன்" என்று குரல் வரும். மறுபடி கை உள்ளே போகும். எத்தனை தடவை அப்படிக் கூப்பிட்டேன் என்று தெரியாது. ஒரு தடவைகூட அவர் சலித்துக்கொள்ளவில்லை.

அவர் பாதியில் விட்ட நட்டு தளர்ந்தே நின்றது. அதை முறுக்கினேன். மற்றதையெல்லாம் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். மறுபடி மெகர். மூன்றும் சரி. எர்த்தோடு கட்டியதை அவிழ்த்து, ஒயரைக் காயில் முனையில் மாட்டினேன். எர்த் கம்பியை மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

வெறும் தொட்டியில் கரண்டைப் போடக்கூடாது. காயில் காற்றில் நின்றால் நிமிஷத்தில் சிவந்து வெடிக்கும். கட்டி மெழுகை அப்படியே போட்டாலும் வம்பு. அடியில் உருகியது மேலே வர வழியில்லாமல் பீய்ச்சியடிக்கும். அதனால் பழைய விறகுத் தொட்டியில் கடைசியாக ஒரு தடவை மெழுகை உருக்கினோம். அக்காவும் இன்னொரு பெண்ணும் அதை மொண்டு மொண்டு ஊற்றினார்கள். காயில்கள் முழுகி, அதற்கு மேலே ஒரு சாண் நிற்கிற வரைக்கும் ஊற்றச் சொன்னேன்.

மருந்து அறையைப் பூட்டச் சொல்லி, எல்லோரையும் முற்றத்துக்கு அப்பால் அனுப்பிவிட்டுக் கரண்டைப் போடச் சொன்னேன். முன்கட்டில் டக் என்றது. தொட்டியிலிருந்து மெல்லிய உர்ர் சத்தம். கொஞ்ச நேரத்தில் டெர்மினல் பெட்டி ஓரத்தில் இலேசாகப் புகை எழுந்தது. வாசலில் நின்ற அண்ணாச்சி, "அம்மா!" என்று அலறினார். புதுக் காயிலின் எண்ணெய்ப் பசை எரிகிற புகை அது, எப்போதும் வருவதுதான். தெரிந்தும் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். எண்ணெய்தான். புகை மெலிந்து அடங்கியது.

மெழுகு ஓரத்திலிருந்து தெளியத் தொடங்கியது. சூட்டுமானியில் எண் ஏறிக்கொண்டே போனது. நான் வைத்த அளவு வந்ததும் நிற்க வேண்டும். அளவு வந்தது. நிற்கவில்லை. இன்னும் ஒன்று ஏறியது. என் கை அவசர பட்டனுக்குப் போய்விட்டது. அதற்குள் டக் என்று தானாகவே விழுந்தது. கொஞ்சம் ஆறி மறுபடி கரண்டு ஏறியதும், மெழுகு மட்டத்தைப் பார்க்கிற மிதவையைக் கொக்கிக் கம்பியால் கீழே அமுக்கிப் பார்த்தேன், மெழுகு குறைந்துபோன மாதிரி. அதற்கும் உடனே நின்றது. கசிவுக்கு விழுகிற பிரேக்கரின் சோதனைப் பட்டனை அழுத்தினேன். அதுவும் விழுந்தது. இவ்வளவும் ஆன பிறகுதான் வெளியே வந்து மூச்சு விட்டேன். மழை நின்றிருந்தது.

காயும் அறையில் அன்றைய சட்டங்கள் பாதிக்கு மேல் நமுத்துப் போயிருந்தன. சட்டக் கணக்கில் கூலி வாங்குகிற பெண்கள் மருந்து உதிர்ந்த குச்சிகளைத் தட்டிக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்திகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளை அறுத்தது தப்பு. ஆனால் அவர் எதற்காக அறுத்தார் என்பது அந்தக் குப்பைக் கூடையைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. வெளியே வந்தபோது அவர் மெயின் பெட்டிகிட்டே, என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில், வெறும் தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

"நீ உள்ள போனதுல இருந்தே" என்றார் என் வீட்டுக்காரர். "போங்கன்னேன். போவமாட்டேங்காரு."

அன்றைக்கு வீட்டில் அவர் சாப்பிடவில்லை. நான் பேச்சுக் கொடுத்தபோது, "கொஞ்சம் சும்மா இரிட்டி" என்றார். இரண்டு மூன்று நாள் இடது கையாலேயே எல்லாம் செய்தார். அப்புறம் ஒரு மில் வேலைக்குப் போனோம். பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு வெகுநேரம் நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கை உள்ளே போனது.

இப்போது அந்தக் கதையை அவர் டீக்கடையில் சொல்லுகிறார். அவர் சொல்லும்போது எனக்கு முன்னாலேயே அவருக்குச் சத்தம் கேட்டுவிடுகிறது. என்னைத் தள்ளிவிட்டு அவர் தாவுகிறார். கணக்கப்பிள்ளை வேட்டி அவிழ ஓடுகிறார். கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கூட உட்கார்ந்திருக்கிற நான் திருத்துவதில்லை. ஆனால் 'படார்' என்று அவர் மேஜையைத் தட்டுகிற இடம் வருவதற்கு முன்னால், டீ குடித்த கிளாஸைக் கழுவிவைக்கிற சாக்கில் எழுந்து வெளியே வந்துவிடுவேன்.